வெயிலைவிடச் சூடாக்கும் பெட்டி
பட்டறைப் பதில்கள்: கார் ஏசி பற்றி வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கம்ப்ரசரைப் பற்றியவை. சித்திரை பிறந்தால் இப்படித்தான். மதுரையில் பட்டறை வைத்திருக்கும் எனக்குக் காலண்டர் தேவையில்லை. வாசலில் நிற்கும் வண்டிகளை எண்ணினாலே அக்னி நட்சத்திரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பள்ளி மாணவி ஒருத்தியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்களுக்கான பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

எங்கள் அப்பாவின் காரில் பானட்டைத் திறந்தால் கம்ப்ரசர் பக்கம் கை வைக்க முடியவில்லை. பக்கத்தில் என்ஜினும் கொதிக்கிறது. இவ்வளவு சூட்டுக்கு நடுவிலிருந்து குளிர்ந்த காற்று எப்படி வருகிறது?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, விருதுநகர்

நல்ல கேள்வி, பாப்பா. இத்தனை வருடங்களில் இதைக் கேட்ட வண்டிக்காரர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மற்ற எல்லோரும் கேட்பது “எவ்வளவு ஆகும்?” என்பதைத்தான்.

கல்யாண வீட்டுச் சமையல்கூடத்துக்குள் போயிருக்கிறாயா? பெரிய அடுப்புகள் எரியும்போது, அங்கே நிற்கும் கேஸ் சிலிண்டரைப் பார். வெளிப்பக்கம் வியர்த்திருக்கும். நெடுநேரம் எரிந்தால் கீழ்ப்பாதியில் வெள்ளையாகப் பனிகூடப் படியும். சிலிண்டருக்குள் எரிவாயு திரவமாக இருக்கிறது. அது கொதித்து ஆவியாகித்தான் அடுப்புக்கு வருகிறது. ஆவியாக வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைச் சிலிண்டரின் இரும்பிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் பிடுங்கிக்கொள்கிறது. அடுப்பு அனலுக்குப் பத்தடி தள்ளிப் பனி! ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் தடவும் ஸ்பிரிட் ஜில்லென்று இருப்பதும் இதே கணக்குத்தான்.

கார் ஏசியிலும் இதுவே நடக்கிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் கூலிங் காயில் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதற்குள் ஆர்-134ஏ என்ற திரவம் கொதிக்கிறது (ஏசி கேஸ் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்). திறந்த வெளியில் வைத்தால் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும் திரவம் அது. காயிலுக்குள் அழுத்தம் 30 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அலகு) அளவில் இருப்பதால், பூஜ்யத்துக்குச் சற்று மேலே, ஒன்றிரண்டு டிகிரியில் கொதிக்கிறது. புளோயர் ஊதும் காற்று காயிலில் பட்டு, தன் சூட்டை அதனிடம் கொடுத்துவிட்டு, குளிர்ந்து உன் முகத்துக்கு வருகிறது.

இதுவரை கம்ப்ரசருக்கு வேலையே வரவில்லை, கவனித்தாயா? சமையல்கூடத்தில் சிலிண்டர் தீர்ந்தால் அடுத்ததை உருட்டி வருவார்கள். காரிலோ மொத்தமே அரை கிலோ கேஸ்தான். சின்ன வண்டிகளில் இன்னும் குறைவு. ஆவியானதை அப்படியே காற்றில் விட்டுக்கொண்டே போனால் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. என் பட்டறை வாசலில் ஏசி போட்டால் தெருமுனை திரும்புவதற்குள் தீர்ந்துவிடும்.

அதனால் அந்த ஆவியை மறுபடி திரவமாக்க வேண்டும். அதற்கு, அது உறிஞ்சி வைத்திருக்கும் வெப்பத்தை எங்காவது கொட்ட வேண்டும். எங்கே கொட்டுவது? மே மாதத்து மதுரையில் வெளிக்காற்றே 40 டிகிரி. நம் ஆவியோ ஜில்லென்று இருக்கிறது. தண்ணீர் தானாக மேட்டுக்கு ஏறாது. வெப்பமும் அப்படித்தான், குளிர்ந்த பொருளிலிருந்து சூடான காற்றுக்குத் தானாகப் போகாது.

கம்ப்ரசர் வந்து நிற்கும் இடம் இதுதான். ஆவியை உறிஞ்சி, நெருக்கி, 200, 230 பிஎஸ்ஐ வரை ஏற்றுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறதல்லவா, அதுபோல நெருக்கப்பட்ட கேஸ் சுடுகிறது. 230 பிஎஸ்ஐயில் இந்தக் கேஸ் திரவமாக மாறும் வெப்பநிலை சுமார் 60 டிகிரி. அறுபது டிகிரியில் இருக்கும் பொருளுக்கு நாற்பது டிகிரிக் காற்று மார்கழிக் காற்று! ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் அந்த வெயில் காற்றுக்கே தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுக் கேஸ் திரவமாகிறது. பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியாகப் பீய்ச்சப்பட்டு, அழுத்தம் சரிந்து, மறுபடியும் கூலிங் காயிலுக்கு வந்து கொதிக்கத் தொடங்குகிறது.

ஆக, கம்ப்ரசர் குளிர்ச்சியைத் தயாரிக்கும் பெட்டி அல்ல. கேஸை வெயிலைவிடச் சூடாக்கும் பெட்டி. உனக்குப் பட்ட அனலில் ஒரு பங்கு, உன் அப்பா உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து வெளியேற்றப்பட்ட வெப்பம். கம்ப்ரசரோடு இரண்டு குழாய்கள் சேர்வதைப் பார். தடித்த குழாய் ஜில்லென்று வியர்த்திருக்கும், மெலிந்தது சுடும். அந்த மெலிந்த குழாயைத் தொட்டுப் பார்க்காதே. என் இடது கட்டைவிரலில் அதன் தழும்பு இன்னும் இருக்கிறது.

உள்ளே என்ன சுற்றுகிறது என்றும் கேட்பாய். அடங்கப்போகும் பம்பரம் தலையாட்டுவதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? கம்ப்ரசரின் அச்சில் ஒரு வட்டத் தட்டை நேராக வைக்காமல் சாய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். அச்சு சுற்றும்போது தட்டின் விளிம்பு முன்னும் பின்னும் போய்வரும். அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஐந்து, ஆறு, ஏழு என்று பிஸ்டன்கள் வட்டமாக நிற்கின்றன. ஒன்று கேஸை இழுக்கும்போது எதிரில் உள்ளது தள்ளும். கேஸ் வரும் வழியிலும் போகும் வழியிலும் ஹார்மோனியத்தில் இருப்பதுபோல மெல்லிய எஃகு நாக்குகள். ஒரு பக்கம்தான் திறக்கும். இப்போதைய வண்டிகள் பலவற்றில் தட்டின் சாய்வையே கூட்டலாம், குறைக்கலாம். சாய்வு கூடினால் பிஸ்டன் நெடுந்தூரம் ஓடி நிறையக் கேஸைத் தள்ளும். தட்டு ஏறக்குறைய நிமிர்ந்துவிட்டால் பெயருக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

வாடகைக்கு ஓட்டும் என் காரில், நெடுஞ்சாலையில் போகும்போது ஏசி நன்றாகக் குளிர்கிறது. வண்ணார்பேட்டையில் சிக்னலில் நின்றால் வெறும் காற்றுதான். கம்ப்ரசர் போய்விட்டது, மாற்ற 26,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

அண்ணாச்சி, பணத்தைப் பையிலேயே வையுங்கள்.

மேலே அந்தப் பிள்ளைக்குச் சொன்னதைப் படித்துவிட்டு வாருங்கள். எண்பதில் ஓடும்போது கண்டென்சரின் மேல் காற்று தானாக வந்து மோதுகிறது. சிக்னலில் நின்றால் காற்றைக் கொடுக்க வேண்டியது ஃபேன். ஃபேன் சுற்றவில்லை என்றாலும், மெதுவாகச் சுற்றினாலும், கண்டென்சர் இடுக்குகளில் மண்ணும் பூச்சியும் அடைத்திருந்தாலும் வெப்பம் வெளியே போகாது. அழுத்தம் 300 பிஎஸ்ஐயைத் தாண்டி ஏறும். கேஸ் முழுதாகத் திரவமாகாமலே காயிலுக்குத் திரும்பும். அழுத்தம் இன்னும் ஏறினால் பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தியே விடும். அப்போது பார்ப்பவர்கள், “பாருங்கள், கம்ப்ரசர் ஓடவில்லை” என்பார்கள். ஓடக்கூடாது என்று உத்தரவு வந்திருக்கிறது, எப்படி ஓடும்?

செலவில்லாத சோதனை ஒன்று. வண்டியை நிறுத்தி, ஏசியைப் போட்டு, காற்று சூடாக வரும்போது முன்கிரில் வழியாகக் கண்டென்சரின் மேல் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சற்று நேரத்தில் உள்ளே குளிர்ந்தால் குற்றவாளி ஃபேன் பக்கம்தான். ஃபேன் மோட்டார், அதன் ரிலே, அதன் ஃபியூஸ் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள்.

கம்ப்ரசர் தேய்ந்திருந்தாலும் என்ஜின் மெதுவாக ஓடும் நேரத்தில் குளிர்ச்சி குறையும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். இரண்டையும் பிரித்துக்காட்ட கேஜ் என்ற அழுத்தமானி இருக்கிறது. நின்றிருக்கும் வண்டியில் உயர் அழுத்த முள் எகிறினால் வெப்பம் வெளியேறவில்லை என்று பொருள். அந்த முள் ஏற மறுத்து, தாழ் அழுத்த முள் மட்டும் மேலே வந்து, இரண்டும் அண்ணன் தம்பிபோல அருகருகே நின்றால் கம்ப்ரசரைச் சந்தேகிக்கலாம். கேஜ் மாட்டாமல் கம்ப்ரசர் போய்விட்டது என்று சொல்பவர், நாடி பார்க்காமல் மருந்து எழுதுபவர்.

இதை அடித்துச் சொல்வதற்கு என் சொந்தத் தவறு ஒன்று காரணம். தொழிலுக்கு வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது, கர்வத்துக்கும் குறைவில்லை. பேராசிரியர் ஒருவரின் காரில் கம்ப்ரசர் சுற்றவில்லை. கேட்டவுடன் “கிளட்ச் காயில் எரிந்துவிட்டது” (கம்ப்ரசரை பெல்ட்டோடு சேர்த்துவிடும் காந்தச் சுருள் அது) என்று சொல்லிக் கம்ப்ரசரை இறக்கி, கேஸ் முழுவதையும் வெளியே விட்டு, (அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் விட்டோம், இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது) புதியதை மாட்டினேன். அதுவும் சுற்றவில்லை. சாயங்காலம் என் பையன் டார்ச் அடித்துப் பார்த்தான். பேட்டரிக்குக் கீழே கிளட்ச்சுக்குப் போகும் ஒயரை எலி கடித்திருந்தது. அரையடி ஒயர், கொஞ்சம் டேப், முடிந்தது வேலை. பழைய கம்ப்ரசரையே மறுபடி ஏற்றிக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை. பேராசிரியர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

ஏசி போட்டதும் “டக்” என்று சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி “டக்”. என்ஜினும் லேசாகக் குலுங்குகிறது. கம்ப்ரசர் உடையப் போகிறதா?
– வாசகி, தஞ்சாவூர்

உடையாது, அம்மா. அது காந்தக் கிளட்ச். என்ஜின் ஓடும்வரை பெல்ட்டும் கப்பியும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். நீங்கள் பொத்தானை அமுக்கியதும் கப்பிக்குப் பின்னால் உள்ள மின்சுருள் காந்தமாகி, முன்னால் இருக்கும் எஃகுத் தட்டை இழுத்து ஒட்டவைக்கிறது. அந்த நொடியிலிருந்துதான் கம்ப்ரசரின் அச்சு சுற்றும். ஒட்டும்போது ஒரு டக், விடும்போது ஒரு டக். கூலிங் காயில் பனிக்கட்டியாக உறையும் நிலைக்குப் போனால் சென்சார் கிளட்ச்சை விடுவிக்கும். சற்றுச் சூடேறியதும் மறுபடி பிடிக்கும்.

கம்ப்ரசர் என்ஜினிடமிருந்து மூன்று, நான்கு குதிரைத்திறனை எடுத்துக்கொள்ளும். குலுக்கம் அதனால்தான். 796 சிசி மாருதி 800-இல் ஏசியோடு கொடைக்கானல் ஏறியவர்களைக் கேளுங்கள். கொண்டை ஊசி வளைவு வரும்போதெல்லாம் ஏசியை அணைத்து, வளைவு தாண்டியதும் போடுவார்கள். இப்போது நீங்கள் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் கம்ப்யூட்டரே கிளட்ச்சைச் சில நொடிகள் விட்டுவிடுகிறது.

இந்த டக் சத்தத்தைக் குறை சொல்லாதீர்கள். அமெரிக்காவின் பாக்கார்டு நிறுவனம் தன் 1940ஆம் வருட மாடலில் முதன்முதலாகத் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தி விற்றபோது கிளட்ச் கிடையாது. குளிர் போதும் என்றால் வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை நிறுத்தி, பானட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும்!

பத்து நொடிக்கு ஒருமுறை டக் டக் என்று அடித்தால் மட்டும் கேஸ் குறைந்திருக்கலாம், காட்டுங்கள். காலையில் நன்றாக ஓடி, மதியம் சூடேறியதும் கம்ப்ரசர் நின்றுவிட்டால் கிளட்ச் இடைவெளி தேய்ந்து அகன்றிருக்கலாம். அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய இடைவெளி அது. உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்தால் பல வண்டிகளில் சரியாகிவிடும்.

வருடா வருடம் ஏசி கேஸ் மாற்ற வேண்டுமாமே?
– வாசகர், ஈரோடு

என்ஜின் ஆயிலைப்போல எரிந்து கெட்டுப்போகும் பொருளா அது? மூடிய வட்டத்துக்குள் சுற்றுவது. ரப்பர் குழாய்கள் வழியாகச் சிறிது சிறிதாகக் கசியும், உண்மை. அது உணர்வதற்கே பல வருடம் ஆகும். ஒரே வருடத்தில் குறைந்தால் ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது உடைந்த குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

கேஸோடு ஆயிலும் கசிகிறது என்பது பலருக்குத் தெரியாது. கம்ப்ரசருக்குத் தனியாக ஆயில் தொட்டி இல்லை என்றே சொல்லலாம். கேஸோடு கலந்து ஓடும் ஆயில்தான் அதன் பிஸ்டனை நனைக்கிறது. அதனால் கம்ப்ரசர் நெற்றியிலோ குழாய் இணைப்பிலோ எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருந்தால் கசிவு அங்கேதான் என்று கண்ணாலேயே பிடித்துவிடலாம்.

கேஸ் ஏற்றுபவர், உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சியெடுக்கும் வேக்கம் பம்பை மாட்டி அரை மணி நேரமாவது ஓடவிடுகிறாரா என்று பாருங்கள். உள்ளே ஈரம் தங்கினால் வால்வுத் துளையில் உறையும், நாளடைவில் அமிலமாகி உலோகத்தை அரிக்கும். பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். தராசில் வைத்து அந்த அளவுதான் ஏற்ற வேண்டும். “கூட ஐம்பது கிராம் போட்டிருக்கிறேன், சார்” என்று தாராளம் காட்டுபவரிடம் நன்றி சொல்லாதீர்கள். அளவு மிஞ்சினால் திரவமே கம்ப்ரசருக்குத் திரும்பி வரலாம். ஆவியை நெருக்கலாம், திரவத்தை நெருக்க முடியாது. எஃகு நாக்கு முறியும்.

மலிவு விலையில் கிடைக்கும் டப்பாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2011-இல் வியட்நாமில் கேஸ் ஏற்றப்பட்ட கப்பல் குளிர்சாதனக் கன்டெய்னர்கள் சில வெடித்து உயிர்ச்சேதம் ஆனது. 134ஏ என்ற பெயரில் விற்கப்பட்ட போலியில் மெதில் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்ததே காரணம். உங்கள் கார் கம்ப்ரசரின் உடம்பும் அலுமினியம்தான்.

ஏசி போட்டால் காருக்குக் கீழே தண்ணீர் சொட்டுகிறது.
– வாசகர், சென்னை

சொட்டட்டும், உங்கள் ஊர்க் காற்றிலிருந்து காயில் பிழிந்தெடுத்த ஈரம். சொட்டுவது நின்று, முன்சீட்டுக் கால்மிதி நனைந்தால்தான் வடிகுழாய் அடைத்துவிட்டது என்று கவலைப்பட வேண்டும்.

ஊட்டியில் வசிக்கிறோம். ஏசியைத் தொட்டே இரண்டு வருடம் ஆகிறது. கம்ப்ரசருக்கு ஓய்வு நல்லதுதானே?
– வாசகி, உதகமண்டலம்

நல்லதல்ல. கம்ப்ரசரின் அச்சு வெளியே வரும் இடத்தில் ஒரு சீல் இருக்கிறது. அதை ஈரமாக வைத்திருப்பது சுற்றிவரும் ஆயில். மாதக்கணக்கில் ஓடாவிட்டால் சீல் காய்ந்து, கேஸ் மெல்ல வெளியேறும். மாதத்துக்கு இரண்டு முறையாவது பத்து நிமிடம் ஓடவிடுங்கள், வெயிலடிக்கும் பகல் நேரமாகப் பார்த்து; கடுங்குளிரில் கம்ப்ரசர் ஓட மறுக்கும்.

உங்கள் ஊரில்தான் ஏசிக்குக் குளிரைத் தவிர வேறு பயனும் உண்டு. பனிமூட்டத்தில் கண்ணாடி உள்பக்கம் மங்கும்போது துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறீர்களா? ஹீட்டரையும் ஏசியையும் சேர்த்துப் போட்டு, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். காயில் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், ஹீட்டர் அந்தக் காற்றைச் சூடாக்கும். கண்ணாடி சீக்கிரம் தெளிந்துவிடும்.

மின்சாரக் கார் வாங்கியிருக்கிறேன். என்ஜினே இல்லை, பெல்ட் இல்லை. கம்ப்ரசரை எது சுற்றுகிறது?
– வாசகர், கோயம்புத்தூர்

அதற்கென்றே உள்ளே ஒரு மோட்டார் இருக்கிறது. பெரிய பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் வருகிறது. அதில் பிஸ்டன் கிடையாது, பெரும்பாலும் ஸ்க்ரோல் வகை. கொசுவர்த்திப் பெட்டியைத் திறந்தால் இரண்டு சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்குமே, அதே வடிவம். ஒரு சுருள் நிலையாக நிற்க, மற்றது சுற்றாமல், வட்டமாக அசைந்தபடி உரசிப் போகிறது. நடுவில் சிக்கும் கேஸ் ஓரத்திலிருந்து மையத்தை நோக்கி ஒதுக்கப்பட்டு, இடம் சுருங்கச் சுருங்க நெருங்குகிறது. பிரெஞ்சுக்காரர் லியோன் க்ரோ 1905-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். அவ்வளவு நுணுக்கமாகச் சுருளைக் கடைந்தெடுக்கும் இயந்திரங்கள் வரப் பல பத்தாண்டுகள் ஆயின.

உங்கள் வண்டிக் கம்ப்ரசருக்குப் பொறுப்பும் அதிகம். பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விப்பதும் அதுவே. பழுதானால் தெருமுனைப் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள், என் பட்டறைக்கும்தான். ஆரஞ்சு நிற ஒயர் உயிரை வாங்கும் மின்னழுத்தம். ஆயிலும் வேறு. சாதாரண வண்டிக்கு ஊற்றும் பிஏஜி ஆயில் மின்சாரத்தைக் கசியவிடும். உங்களுடையதற்குப் பிஓஇ வகை வேண்டும்.

நிறுத்திய காரில் ஏசி போட்டுத் தூங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்களுடையதில் புகை இல்லை. பெட்ரோல், டீசல் வண்டிக்காரர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு அப்படித் தூங்கவே கூடாது. புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. எழுந்திருக்கவே விடாது.

தாத்தா காலத்து அம்பாசடரில் டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் ஏசி இருக்கிறது. அதற்கான பழைய கேஸ் கிடைக்குமா?
– வாசகர், காரைக்குடி

நான் தொழில் கற்றதே அந்தத் தொங்கும் பெட்டிகளில்தான். பானட்டுக்குள் இரண்டு பிஸ்டன் இரும்புக் கம்ப்ரசர். ஒற்றை ஆளாகத் தூக்கினால் இரண்டு நாளைக்கு இடுப்பு நிமிராது. முன்சீட்டில் உட்கார்ந்தவருக்கு முழங்கால் உறையும், பின்சீட்டு முதலாளிக்கு வியர்க்கும்.

அதில் ஓடியது ஆர்-12. ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் அதற்கு முடிவு கட்டியது. 2010 பிறந்தபோது நம்மைப் போன்ற வளரும் நாடுகளும் நிறுத்தியாக வேண்டியிருந்தது. ஆர்-12 என்று யாராவது இப்போது கொண்டுவந்தால் நம்பாதீர்கள். பெரும்பாலும் சமையல் எரிவாயுவின் உறவுக்காரனாக இருக்கும். குளிரும், டேஷ்போர்டுக்குள் கசிந்து ஒரு தீப்பொறி பட்டால் எரியும்.

134ஏ-க்கு மாற்றலாம். பழைய மினரல் ஆயில் புதிய கேஸோடு கலக்காது. அதை முழுக்க வடித்துவிட்டு எஸ்டர் ஆயில் ஊற்ற வேண்டும். ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்களையும், ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் புதிதாகப் போட வேண்டும். கண்டென்சர்தான் முக்கியம். 134ஏ வெப்பத்தைக் கொட்டச் சற்றுப் பெரிய இடம் கேட்கும். பழைய சின்னக் கண்டென்சரோடு மாற்றினால் காரைக்குடி மே மாதத்தில் வெறும் சத்தம்தான் மிஞ்சும். பெரியதாக ஒன்றும், அதற்கு முன்னால் மின்சார ஃபேன் ஒன்றும் வைக்கச் சொல்லுங்கள்.

அந்தத் தொங்கும் பெட்டியை மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். வேண்டாம் என்றால் ஒரு கடிதம் எழுதுங்கள், காரைக்குடிக்கு நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.